மூலை மெஷின் ஏன் திக்கியது

மெஷினைத் தூக்கிக்கொண்டு நம் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர், மனதில் ஒரு ஆளையும் சேர்த்தே தூக்கிக்கொண்டு வருவார்கள். மச்சான் பையன் கேம் ஏத்திட்டான், பழைய மெக்கானிக் நல்ல ராமைக் கழட்டிட்டான், வேலையை விட்டுப் போனவன் வைரஸ் விட்டுட்டான். நாம் ஸ்க்ரூவைத் தொடுவதற்கு முன்பே தீர்ப்பு தயாராக இருக்கும். அதற்குக் கீழே கையெழுத்துப் போட ஒரு ஆள் வேண்டும். அதற்குத்தான் நாம்.

இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு எந்த போர்டில் எது போகும் என்று நான் சொல்லித் தர வேண்டியதில்லை. எண்பத்தொன்பதில் ஸ்டெபிலைசர் ரிப்பேரில் ஆரம்பித்தவன் நான். எனக்குத் தெரிந்த போர்டெல்லாம் பழைய இரும்புக் கடைக்குப் போய்விட்டது. ஆனால் அந்த ஆள் விஷயம் மட்டும் இன்னும் மாறவில்லை என்று கேள்விப்படுகிறேன். அதனால் செங்கம் ரோட்டில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன்.

ரமணாசிரமம் தாண்டி ஒரு சந்தில் வசந்தி என்பவர் ஒரு ப்ரவுசிங் சென்டர் நடத்திவந்தார். முன் அறையில் வெளிநாட்டுக்காரர்கள் வந்து மெயில் பார்ப்பார்கள். பின் அறையில் காலேஜ் பையன்கள் கேம் ஆடுவார்கள். கணவர் சேகர் லாரி புக்கிங் ஆபீசில் வேலை. கடை முழுக்க முழுக்க வசந்தியுடையது. பின் அறையின் மூலையில் இருந்த மெஷினை அவரே சென்னைக்குப் போய், கடை கடையாக ஏறி இறங்கி, பார்ட் பார்ட்டாக வாங்கிச் சேர்த்தார். வந்த புதிதில் ஊரிலேயே அதைப் போல இன்னொன்று கிடையாது. நான் சொல்லும் சமயத்தில் அதற்கு வயதாகிவிட்டிருந்தது. இருந்தாலும் பையன்கள் காத்திருந்து அதில்தான் உட்காருவார்கள். எல்லாருக்கும் அது ‘மூலை மெஷின்’.

ஒரு காலையில் வசந்தி என் கடைக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

“சார், மூலை மெஷின் ஒரு மாசமா படுத்துது. கேம் போட்டா திக்கித் திக்கி ஓடுது. படம் நிக்குது, குதிக்குது, சத்தம் இழுக்குது. ஃபார்மேட் பண்ணியாச்சு, ஆன்டிவைரஸ் போட்டாச்சு. ஒண்ணும் ஆகல.”

“வந்து பாக்கறேன்மா.”

“பாக்கறது இருக்கட்டும். பண்ணது யாருன்னு எனக்குத் தெரியும். பிரபு.”

பிரபுவை எனக்கும் தெரியும். வசந்தியிடம் சில வருஷம் வேலை பார்த்தவன். நல்ல கைக்காரன். அந்த வருஷம்தான் வேலையை விட்டுவிட்டு பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் சொந்தமாக ஒரு சென்டர் திறந்திருந்தான். போகும்போது இரண்டு பேருக்கும் வாக்குவாதம். பையன்களில் சிலர் அவன் பின்னாலேயே போய்விட்டார்கள்.

“நான் கீழ்பென்னாத்தூர்ல அம்மா வீட்டுக்குப் போயிருந்தேன் சார். அன்னைக்கு மத்தியானம் இவன் என் கடைக்குள்ளேர்ந்து வெளிய வந்ததை எதிர் ஜெராக்ஸ் கடைக்காரர் பாத்திருக்கார். கையில ஸ்க்ரூடிரைவர். அதுக்கப்புறம்தான் இந்தத் தொல்லை ஆரம்பிச்சிது. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?”

“கடை அன்னைக்குத் திறந்தா இருந்தது?”

“எங்க வீட்டுக்காரர் பாத்துக்கிட்டார். அவரைக் கேட்டா, நான் டீ குடிக்கப் போயிருப்பேன், கவனிக்கலங்கறார்.”

வசந்தி என்னிடம் கேட்டது இதுதான். மெஷினைப் பார்த்துவிட்டு, இன்னார் வைரஸ் ஏற்றிக் கெடுத்திருக்கிறார் என்று என் கடை லெட்டர்பேடில் எழுதித் தர வேண்டும். அதை வைத்து ஸ்டேஷனில் புகார் கொடுக்கப் போகிறார். அந்தக் காலத்தில் ப்ரவுசிங் சென்டர் என்றாலே போலீசுக்கு ஒரு கண். வைரஸ், கம்ப்யூட்டர் குற்றம் என்று காகிதத்தில் எழுதிக் கொடுத்தால், விசாரணை என்ற பேரில் பிரபுவின் மெஷின்களை மொத்தமாக எடுத்துக்கொண்டு போவார்கள். திரும்பி வரும்போது அவன் கடை இருக்காது.

உண்மையைச் சொல்கிறேன், அன்று நான் எல்லோரையும் சந்தேகப்பட்டேன். பிரபு மேல் முதலில். கோபத்தோடு வெளியே போனவன் ஆளில்லாத நேரத்தில் ஸ்க்ரூடிரைவரோடு உள்ளே வந்திருக்கிறான் என்றால் யாருக்குத்தான் தோன்றாது? அடுத்து வசந்தி மேல். போட்டிக் கடையை மூட என் லெட்டர்பேடு இந்த அம்மாவுக்கு வசதியாக இருக்குமோ? ஜெராக்ஸ் கடைக்காரர் மேல்கூட. எதிரில் இருப்பவருக்கு இதில் என்ன அக்கறை?

“முதல்ல மெஷினைப் பாக்கறேன். எழுதறதைப் பத்தி அப்புறம் பேசலாம்” என்றேன்.

அன்றைக்கே போனேன். சேகரும் இருந்தார். வேலைக்கு லீவு போட்டிருக்கிறார் என்றார்கள். எதற்கு என்று நான் கேட்கவில்லை.

“வசந்திம்மா, நீங்களே உக்காந்து ஆடுங்க. நான் பக்கத்துல நிக்கறேன்” என்றேன். கார் ரேஸில் அவரை ஜெயிக்கும் பையன் அந்த சென்டரில் கிடையாது. ஆட ஆரம்பித்தார். மெஷின் எண்ணெய் போட்ட மாதிரி வழுக்கிக்கொண்டு ஓடியது. வசந்தி என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையில், நான் அவரைப் பொய்க்காரி என்று நினைத்துவிடுவேனோ என்ற பயம் தெரிந்தது. கொஞ்ச நேரம் போனது. ஒரு வளைவில் கார் நின்றது, குதித்தது, மறுபடி நின்றது. சத்தம் ‘ட்ர்ர்ர்’ என்று இழுத்தது. அதற்குப் பிறகு நடக்கத் தெரியாத குழந்தை மாதிரிதான்.

“பாத்தீங்களா?”

“பாத்தேன். இப்ப கேமை மூடிட்டு அப்படியே விட்டுடுங்க. ஒரு டீ குடிச்சிட்டு வரலாம்.”

டீ குடித்துவிட்டு வந்து திரும்பப் போட்டால், பழையபடி வழுக்கிக்கொண்டு ஓடியது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி திக்கல்.

இந்த இடத்தில் நீங்கள் நிதானிக்க வேண்டும். வைரஸுக்கு ஓய்வு எடுக்கும் வழக்கம் கிடையாது. வேலை ஜாஸ்தியானால் படுத்து, சும்மா விட்டால் எழுந்துகொள்கிறது என்றால் அது சூடு. அந்த வகை ப்ராசசர் சூடு ஏறினால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். சந்தேகப்பட்டது சரிதானா என்று பார்க்க மெஷினை ரீஸ்டார்ட் செய்து, அது காட்டும் சூட்டைப் பார்த்தேன். தோசைக்கல் சூடு.

“கேபினெட்டைத் திறக்கணும்” என்றேன்.

அதுவரை வாசல் நிலையில் சாய்ந்திருந்த சேகர் உள்ளே வந்தார். “எதுக்கு சார் திறந்துக்கிட்டு? பழைய மெஷின். இன்னொரு தடவை ஃபார்மேட் பண்ணிப் பாருங்களேன்.”

“ஃபார்மேட் பண்ணதுல ஒண்ணும் ஆகலயே சேகர்.”

“இல்ல சார், திறந்தா வேற ஏதாவது ஆயிடப் போகுது. பேசாம இதைத் தள்ளிவிட்டுட்டு புதுசு ஒண்ணு வாங்கிடலாம்னு நானே சொல்லிட்டிருக்கேன்.”

எத்தனையோ கடைகளில் எத்தனையோ பேர் என்னிடம் “திறந்து பாருங்க சார்” என்று கெஞ்சியிருக்கிறார்கள். திறக்காதீர்கள் என்று ஒருவர் சொன்னது அதுதான் முதல் தடவை. நான் அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்காமல் மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“திறங்க சார்” என்றார் வசந்தி. “அவன் உள்ள என்ன வெச்சிருக்கான்னு நானும் பாக்கணும்.”

பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினேன். கேமைப் போடச் சொல்லி, திக்கும் வரை காத்திருந்தேன். ப்ராசசர் மேல் இருக்கும் ஃபேன் உயிரைக் கொடுத்து ஓடியது. தூசி அதிகம் இல்லை. ஃபேனுக்குக் கீழே இருக்கும் அலுமினியத் துண்டின் ஓரத்தை விரலால் தொட்டுப் பார்த்தேன். அதற்குத்தான் ப்ராசசரின் சூடெல்லாம் ஏறி, ஃபேன் காற்றில் வெளியே போக வேண்டும். தொட்டால் விரலை இழுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் அது வெதுவெதுப்பாக இருந்தது, அவ்வளவுதான்.

கீழே தோசைக்கல், மேலே வெதுவெதுப்பு. அப்படியென்றால் இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டவில்லை.

மெஷினை நிறுத்திவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தேன். அலுமினியத்தை அழுத்திப் பிடிக்க போர்டில் ஒரு பிளாஸ்டிக் சட்டம் இருக்கும். அதன் ஒரு மூலை உடைந்திருந்தது. அந்தப் பக்கம் அலுமினியம் தூக்கிக்கொண்டு நின்றது. உடைந்த இடத்தில் மெல்லிய கம்பி ஒன்று சுற்றியிருந்தது. கம்பி போர்டில் எங்கும் உரசி ஷார்ட் ஆகக் கூடாது என்று, அதன் மேல் கறுப்பு ரப்பர் உறை போட்டு, முறுக்கிய நுனியைக்கூட மடக்கிவிட்டிருந்தார்கள். சூட்டில் இளகி இளகி அந்தக் கட்டு தளர்ந்திருந்தது.

அப்புறம் மெஷினை மேஜையிலிருந்து இழுத்து, சுவர்ப் பக்கம் இருந்த பாகத்தைத் திருப்பினேன். அடி மூலை நசுங்கியிருந்தது. முன் பிளாஸ்டிக்கில் கீழிருந்து மேலே ஒரு விரிசல். மேஜையில் இருக்கும்வரை யார் கண்ணிலும் படாத பக்கம்.

வசந்தி குனிந்து பார்த்தார். “இது எப்படி ஆச்சு? யாரு ஒடச்சது? அவன்தானே?”

நீங்கள் அந்த இடத்தில் இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? என் மனதில் அப்போது ஒரு ஆள் இருந்தார், எங்கள் பக்கத்திலேயே. ஆனால் நான் மனதில் தூக்கி வைத்துக்கொண்ட ஆளுக்கும், வசந்தி மனதில் தூக்கிக்கொண்டு வந்த ஆளுக்கும் என்ன வித்தியாசம்? ஒருவர் திறக்க வேண்டாம் என்றது எனக்கு சாட்சி என்றால், ஸ்க்ரூடிரைவர் வசந்திக்கு சாட்சி. அதனால் கண்ணால் பார்த்ததை மட்டும் சொன்னேன்.

“இந்த மெஷின் எங்கயோ கீழ விழுந்திருக்கு. விழுந்ததுல சட்டம் ஒடஞ்சிருக்கு. அதுக்கப்புறம் யாரோ பாத்துப் பாத்துக் கட்டியிருக்காங்க. கெடுக்க வந்தவன் கம்பிக்கு உறை போட மாட்டான் வசந்திம்மா. வைரஸ் எதுவும் இல்ல. நான் அப்படி எழுதித் தர முடியாது.”

“கட்டினது யாரு?”

“அது எனக்குத் தெரியாது.”

வசந்தி நேராகப் போய் போனை எடுத்தார். பிரபு கடை நம்பரைப் போட்டார். நாங்கள் நின்று கேட்டுக்கொண்டிருந்தோம்.

“பிரபு, நான் இல்லாதப்ப நீ வந்து மூலை மெஷினைத் திறந்தியா?” கொஞ்ச நேரம் அமைதி. “திறந்தியா இல்லியா, அதை மட்டும் சொல்லு.” பதிலைக் கேட்டுக்கொண்டார். போனை வைத்துவிட்டுத் திரும்பினார். முகம் சிவந்திருந்தது.

“ஒத்துக்கிட்டான் சார். ‘ஆமாம்க்கா, திறந்தேன். அதுக்கு மேல என்னைக் கேக்காதீங்க’ங்கறான். தப்பு பண்ணாதவன் ஏன் கேக்காதீங்கன்னு சொல்லணும்? நீங்க எழுதித் தராட்டிப் போங்க. நானே போய்ச் சொல்றேன்.” கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டினார்.

நான் உண்மையைச் சொன்னதில் அவன் பாதி தப்பினான். அவனே உண்மையைச் சொன்னதில் முழுசாக மாட்டிக்கொண்டான்.

வசந்தி படி இறங்கப் போனார். நான் சேகரிடம் திரும்பினேன். கழற்றிய கம்பி என் கையில் இருந்தது.

“சேகர், இதை வாங்கிக்குங்க. அவங்ககூட நீங்களும் போகணும் இல்ல? ஸ்டேஷன்ல கேட்டா இதைக் காட்டணும்.”

அவர் கையை நீட்டவில்லை. கம்பியையே பார்த்துக்கொண்டிருந்தவர் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

“வசந்தி, போகாத.”

வசந்தி படியில் நின்றார்.

“நான்தான் கீழ போட்டேன்.”

பௌர்ணமிக்கு கிரிவலம் வர சேகருடைய பெரியப்பா வீட்டுக்காரர்கள் வந்தவாசியிலிருந்து வந்திருக்கிறார்கள். ஊரில் ஒரு ரூம் கிடையாது. கடையில் ஆட்களைத் தங்கவைக்கக் கூடாது என்று வசந்தி முன்பே கண்டிப்பாகச் சொல்லி, சேகரும் சரி என்று தலையாட்டியிருந்தார். வசந்தி அம்மா வீட்டில் இருந்ததால் தைரியம் வந்து, பின் அறையில் பாய் போட மெஷின்களை நகர்த்தியிருக்கிறார். மூலை மெஷின் கை நழுவி மேஜையிலிருந்து தரைக்குப் போயிற்று. மறுநாள் அவர்கள் கிளம்பியதும் போட்டுப் பார்த்தால், ஆன் ஆன உடனே அணைந்துபோனது.

“எனக்குக் கை கால் ஓடல. நீ அந்த மெஷினை எப்படி வாங்கினேன்னு எனக்குத் தெரியாதா? யாரைக் கூப்பிடறது? பிரபுவைத்தான் கூப்பிட்டேன். சண்டை போட்டுட்டுப் போனவன், நான் கூப்பிட்டேன்னு கடையைப் பூட்டிட்டு ஓடி வந்தான். கட்டிக் குடுத்தான். இது கொஞ்ச நாளைக்குத்தான் தாங்கும், சட்டத்தை மாத்திடுங்கன்னு சொன்னான். அக்காகிட்ட சொல்லிடாதடான்னேன். சரிண்ணேன்னான். மெஷின் ஓடிச்சு. நான் அப்படியே விட்டுட்டேன்.”

வசந்தி கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. கைப்பையைக் கழற்றி மேஜை மேல் வைத்தார்.

“இத்தனை நாளா அவனைத் திருடன், துரோகின்னு நான் தெருவெல்லாம் சொல்லிட்டிருந்தேன். டீக்கடையில சொன்னேன். இங்க வர பசங்ககிட்ட சொன்னேன். நீங்க பக்கத்துலயே நின்னு கேட்டுக்கிட்டுத்தானே இருந்தீங்க?”



மெஷினுக்குப் புதுச் சட்டம் வேண்டும். அந்தப் பழைய மாடல் என் கடையில் இல்லை. ஊரில் இருந்தால் பிரபுவிடம்தான் இருக்கும் என்று நான் சொன்னதும், இரண்டு பேருமே என்னோடு ஆட்டோவில் ஏறினார்கள்.

பிரபு கடையில் கூட்டம் கம்மியாக இருந்தது. எங்கள் மூன்று பேரையும் சேர்த்துப் பார்த்ததுமே அவனுக்குப் புரிந்துவிட்டது. நான் சட்டம் வேண்டும் என்று கேட்டதும், தேடாமல், மேஜை டிராயரைத் திறந்து எடுத்துக் கொடுத்தான். கவர்கூடப் பிரிக்கவில்லை.

“அப்பவே மெட்ராஸ்லேர்ந்து வரவழைச்சிட்டேன் சார். அண்ணன் வந்து வாங்கிட்டுப் போவாருன்னு பாத்தேன்.”

வசந்தி, “பிரபு, நான் உன்னைத் தப்பா...” என்று ஆரம்பித்தார்.

“நீங்க சந்தேகப்பட்டதுல எனக்கு வருத்தம் இல்லக்கா. உங்களுக்குத் தெரியாது. உங்க இடத்துல நான் இருந்தாலும் அப்படித்தான் நெனச்சிருப்பேன்.” சேகர் பக்கம் அவன் திரும்பவே இல்லை. “தெரிஞ்சவரு ஒரு வார்த்தை சொல்லுவாருன்னு தினமும் பாத்தேன். இன்னைக்கு நீங்க போன் பண்ணப்பகூட, பக்கத்துலேர்ந்து அவர் குரல் வரும்னு கொஞ்ச நேரம் பேசாம இருந்தேன்.”

“நீயே வந்து மாட்டிக் குடுத்துடேன்ப்பா” என்றேன், எதையாவது சேர்த்துவைக்கலாம் என்று.

“இல்ல சார். அந்தக் கடைப்படி இனிமே ஏற மாட்டேன். நீங்களே மாட்டிடுங்க.”

மாட்டினேன். அந்த ஞாயிற்றுக்கிழமை காலேஜ் பையன்கள் சேர்ந்து போட்டி வைத்தபோது, மூலை மெஷின் ஒரு தடவைகூடத் திக்கவில்லை. அதற்குப் பிறகும் வெகு காலம் ஓடியது. பிரபு சொன்ன மாதிரியே அந்தப் படி ஏறவில்லை.

இதிலிருந்து நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது என்று நான் நினைப்பதைச் சொல்லிவிடுகிறேன். சந்தேகம் நம் தொழிலுக்கு வேண்டிய குணம். மெஷினின் ஒவ்வொரு பாகத்தையும் சந்தேகப்படுங்கள், தொட்டுப் பார்க்கும் வரை எதையும் நம்பாதீர்கள். ஆனால் மனிதர்களை அந்த மாதிரி கழற்றிப் பார்க்க நம்மிடம் கருவி இல்லை. மெஷின் விழுந்திருக்கிறது என்பது வரைக்கும் நமக்குத் தெரியும். போட்டது யார் என்பதை, போட்டவர்தான் சொல்ல வேண்டும். அவர் சொல்வதற்கு இடம் விட்டு நில்லுங்கள். அவசரப்படுத்தும் வாடிக்கையாளருக்காக ஒரு வரிகூட அதிகமாக எழுதாதீர்கள்.

சட்டத்தை மாட்டிய மறுநாள் காலை, மெஷின் எப்படி ஓடுகிறது என்று பார்க்க செங்கம் ரோட்டுக்குப் போனேன். சந்து முனை டீக்கடையில் நல்ல கூட்டம். கிளாசைக் கையில் வாங்கும்போது வசந்தி சேகரைக் கூட்டிக்கொண்டு வந்தார். டீ வேண்டுமா என்று கடைக்காரர் கேட்டதற்கு வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு, கணவரைப் பார்த்து, “சொல்லுங்க” என்றார்.

சேகர் தரையைப் பார்த்துக்கொண்டு, “பிரபு ஒண்ணும் பண்ணல. மெஷினைக் கீழ போட்டது நான்தான். அவன் வந்து சரி பண்ணிக் குடுத்தான்” என்றார். பக்கத்தில் நின்ற எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

வசந்தி பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்களை ஒரு சுற்றுப் பார்த்தார். குரலை உயர்த்தாமல் சொன்னார்.

“கடைசியில உக்காந்திருக்கறவங்களுக்குக் காதுல விழல. கொஞ்சம் சத்தமா சொல்லுங்க.”